ஆட்டுக்குட்டிகளின் கட்டிக்குத் திசுப் பரிசோதனை செய்து தரக் கோரி மீண்டும் ஒரு மனு

அனுப்புநர்: ஆடு வளர்ப்போர்
பெறுநர்: உயர்திரு கால்நடைத் துறை அலுவலர் அவர்கள்

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

முன்பு கொடுத்த மனுக்களுக்குப் பதில் வரவில்லை. எங்கள் மேய்ச்சல் நிலமும் மருந்தகத்தின் நிலையும் தாங்கள் நேரில் பார்த்தவையே. ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறோம்.

1. பால் மறக்காத குட்டிகளுக்குக் கழுத்தில் கட்டி வருகிறது. வீங்குவதெல்லாம் புற்று அல்ல என்று எங்களுக்கும் தெரியும். செழிப்பாகப் பால் குடிக்கும் குட்டிக்குக் கழுத்திலுள்ள தைமஸ் என்னும் சுரப்பி பருக்கலாம். அயோடின் குறைந்தால் தைராய்டு வீங்கும். குடற்புழுவால் இரத்தம் குறைந்தால் தாடைக்கடியில் நீர் கோக்கும். இவை போக மிஞ்சும் ஒன்றிரண்டு குட்டிகளுக்காகவே இந்த மனு.

2. அந்தக் கட்டி கல் போல இறுகியிருக்கும். தொட்டால் சுடாது, குட்டி வலியில் கத்தாது. சீழ்க்கட்டி என்று கீறினால் இரத்தம்தான் வரும். மருந்தகத்தில் ஊசி போட்டு அனுப்பிவிடுவார்கள். கீறிய இடம் ஆறுவதற்குள் பக்கத்திலேயே மறுபடி புடைத்து, மூச்சுக்குழலை நெருக்கும். குட்டி மடியில் வாய் வைக்கும். கொஞ்சம் உறிஞ்சியதும் மூச்சு முட்டி விட்டுவிடும். திரும்பவும் போய் முட்டும். திரும்பவும் விடும். மடி கனத்துத் தாய் ஆடு இரவெல்லாம் கத்தும். பால் இருந்தும் குட்டி பட்டினியில் வற்றுவதை எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருப்பது, ஐயா?

3. செத்த பிறகும் என்ன நோய் என்று சொல்ல ஆளில்லை. குட்டிக்குப் புற்று வராது என்கிறார்கள். அரிதுதான், ஆனால் லிம்போமா என்னும் நிணநீர்ப் புற்று இளம் ஆட்டுக்கும் வரும். தடவிப் பார்த்து அதை முடிவு செய்ய முடியுமா? மெல்லிய ஊசியால் செல் எடுத்துப் பார்க்கலாம். தெளியாவிட்டால் ஒரு துண்டு திசு, ஒரு சென்டிமீட்டர் தடிமனுக்குள் நறுக்கி, திசுவைக் கெடாமல் காக்கும் 10 சதவீத ஃபார்மலின் திரவத்தில், திசுவைப் போல் பத்து மடங்கு அளவில், போட்டு அனுப்பினால் போதும். ஒரு புட்டி ஃபார்மலின், ஐயா! அதுவும் மருந்தகத்தில் இல்லை. ஐஸில் உறையவைத்துக் கொண்டுவா என்றார்கள்; கொண்டுபோனால், உறைந்த திசு பரிசோதனைக்கு ஆகாது என்று ஆய்வகத்தில் திருப்பிவிட்டார்கள். யார் சொல்வதைக் கேட்பது?

4. நெறி கட்டிச் சீழ் பிடிக்கும் தொற்று என்றால் மந்தைக்கே பரவும். குட்டியைப் பிரித்து வைக்க வேண்டும். அது இல்லை என்றால் தாயிடமிருந்து பிரித்தது வீண் கொடுமை. எது என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள்.

5. ஃபார்மலின் புட்டி. திசு எடுத்து அனுப்பப் பொறுப்பான ஒருவர். செத்த குட்டிக்குப் பிரேதப் பரிசோதனை. முடிவு எங்கள் கைக்கு வர வேண்டும். வேறொன்றும் கேட்கவில்லை.

இப்போதும் ஒரு பெட்டைக்குட்டி அதே கட்டியோடு இருக்கிறது. உயிர் இருக்கும்போதே மருத்துவரை அனுப்பித் திசு எடுக்கச் சொல்லுங்கள், ஐயா. தயவு செய்து இந்த முறையாவது அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஆடு வளர்ப்போர்