பிரெக்ஸிட்: தீர்வை இல்லை, தாள் வேலை உண்டு

ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த பிரெக்ஸிட் (ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டனின் வெளியேற்றம்) கட்டுரை, பிரிட்டனும் ஒன்றியமும் தீர்வை, அதாவது சுங்க வரி, இல்லாத ஒப்பந்தம் செய்துகொண்டதால் சரக்கு வணிகத்துக்குப் பெரிய பாதிப்பு இல்லை என்கிறது. இந்த ஒரு கருத்தைத் திருத்தவே இக்கடிதம். கட்டுரையின் மற்ற பகுதிகளோடு எனக்குப் பெரிய வேறுபாடு இல்லை.

ஒப்பந்தம் 2020 டிசம்பர் 24-இல் முடிவாகி, 2021 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதில் தீர்வையும் இல்லை, அளவுக் கட்டுப்பாடும் இல்லை என்பது உண்மைதான். ஆனால் அந்தச் சலுகை பிரிட்டனிலிருந்து கிளம்பும் எல்லாச் சரக்குக்கும் கிடைக்காது. ஒரு பொருள் எந்த நாட்டுச் சரக்கு என்று தீர்மானிக்கும் மூலநாட்டு விதிகளின்படி பிரிட்டன் சரக்கு என்று நிரூபிக்கப்பட்டதற்கு மட்டுமே கிடைக்கும்.

சுங்க ஒன்றியத்துக்குள் இருந்தவரை, ஒரு பொருள் எங்கே செய்யப்பட்டது என்று உள் எல்லையில் யாரும் கேட்டதில்லை. வெளியிலிருந்து வருவதற்கு எல்லா உறுப்பு நாடுகளும் ஒரே தீர்வை வாங்குகின்றன. ஒருமுறை உள்ளே வந்துவிட்டால் லிஸ்பனும் லீட்ஸும் ஒன்றுதான். வெளியேறிய பிறகு அந்தக் கேள்வி ஒவ்வொரு சரக்கின் கூடவே வருகிறது. ஓர் உதாரணம். ஜெர்மனியில் செய்த பொருளை இங்கிலாந்துக் கிடங்கில் இறக்கி, சிறு பெட்டிகளாகப் பிரித்துக் கட்டி, அயர்லாந்துக் கடைகளுக்கு அனுப்புவது பல நிறுவனங்களின் நெடுநாள் வழக்கம். பொட்டலம் கட்டுவதும் லேபிள் ஒட்டுவதும் விதிப்படி போதுமான வேலை அல்ல. ஆகவே அது பிரிட்டன் சரக்கு ஆகாது. ஐரோப்பியச் சரக்கு என்ற தகுதியும் போய்விடும். ஐரோப்பாவில் செய்த பொருளே ஐரோப்பாவுக்குள் திரும்ப நுழையத் தீர்வை கட்டவேண்டிய நிலை 2021 ஜனவரியில் பலரைத் திகைக்க வைத்தது. சுங்கக் கட்டுப்பாட்டுக் கிடங்கில் வைத்து ட்ரான்சிட் (தீர்வை கட்டாமல் கடந்துசெல்லும்) முறையில் அனுப்பினால் தப்பலாம். அதற்குத் தனி அனுமதி வேண்டும், உத்தரவாதத் தொகை கட்டவேண்டும், கணக்கும் தனியாக எழுதவேண்டும்.

ஆயத்த ஆடைக்கு ஒன்றியத்தின் தீர்வை பெரும்பாலும் 12 சதவீதம். ஆசியாவிலிருந்து துணி வாங்கி பிரிட்டனில் வெட்டித் தைத்தால் மட்டும் சலுகை கிடைக்காது. பொதுவாக நெசவும் பிரிட்டனிலோ ஒன்றியத்திலோ நடந்திருக்க வேண்டும். மின்சாரக் கார்களின் பேட்டரிக்கான விதி 2024-இல் கடுமையாக்கப்பட வேண்டியிருந்தது. இரு தரப்புத் தொழிற்சாலைகளும் அதற்குத் தயாராக இல்லாததால், 2023 டிசம்பரில் அதை 2026 இறுதிவரை தள்ளிவைத்தார்கள். தள்ளிவைக்காவிட்டால் தகுதி பெறாத கார்களுக்கு 10 சதவீதத் தீர்வை விழுந்திருக்கும்.

தகுதி இருந்தாலும் சலுகை தானாக வந்துவிடாது, கேட்டு வாங்கவேண்டும். முதலில் சரக்குக் குறியீட்டு எண்ணைச் சரியாகப் பிடிக்கவேண்டும். அது தவறினால் பொருந்தும் மூலநாட்டு விதியே மாறிவிடும், அதற்கு மேல் செய்யும் கணக்கெல்லாம் வீண். பிறகு மூலப்பொருள் கொடுத்தவர்களிடம் எழுத்துமூலம் உறுதிமொழி வாங்கவேண்டும். இன்வாய்ஸில் ஒப்பந்தத்தில் உள்ள வாசகத்தை அப்படியே எழுதி, சுங்கத்துறை வணிகருக்குத் தரும் பதிவெண்ணான இ.ஓ.ஆர்.ஐ. எண்ணைச் சேர்க்கவேண்டும். ஏற்றுமதியாளர் இந்த ஆதாரங்களை நான்கு ஆண்டுகளும், இறக்குமதியாளர் மூன்று ஆண்டுகளும் வைத்திருக்கவேண்டும். ஆதாரம் இல்லாமல் சலுகை பெற்றது பின்னர் சோதனையில் தெரிந்தால் தீர்வையைக் கட்டவேண்டியவர் வாங்கியவர். அந்த அச்சத்தால், தாள் சரியில்லாத விற்பனையாளரை விட்டுவிட்டு ஒன்றியத்துக்குள்ளேயே வேறு ஒருவரிடம் வாங்குவது அவருக்கு எளிதாகிவிடுகிறது. சந்தை கைநழுவுவது பெரும்பாலும் இப்படித்தான், சத்தமில்லாமல்.

சிறு நிறுவனங்கள் அதிகம் இடறும் இடம் டெலிவரி நிபந்தனை. ‘எல்லாச் செலவும் எங்களுடையது, உங்கள் வாசலில் கொண்டுவந்து தருகிறோம்’ என்று டி.டி.பி. முறையில் ஒப்புக்கொண்டால், இறக்குமதியாளருக்கான பொறுப்பும் விற்பவர் தலையில் விழுகிறது. ஒன்றியத்தில் அலுவலகம் இல்லாதவர் அங்கே தம் பெயரில் சுங்க அறிக்கை கொடுக்க முடியாது. தீர்வைக்குத் தானும் பொறுப்பேற்கும் முகவர் ஒருவர் வேண்டும், அப்படிப் பொறுப்பேற்க முன்வரும் ஏஜென்டுகள் குறைவு. மாறாக, வாங்குபவரே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டால், அவர் வீட்டு வாசலில் வாட் வரியும் கூரியர் கட்டணமும் சேர்ந்த பில் நீட்டப்படும். பலர் பார்சலையே வாங்காமல் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள்.

உணவுப் பொருளில் சுமை இன்னும் கனம். பிரிட்டனிலிருந்து ஒன்றியத்துக்குப் போகும் இறைச்சிக்கும் பாலாடைக்கட்டிக்கும் அதிகாரபூர்வக் கால்நடை மருத்துவர் கையெழுத்திட்ட சுகாதாரச் சான்றிதழ் வேண்டும். அது சரக்கு நுழையும் நாட்டின் மொழியில் இருக்கவேண்டும். கையெழுத்தின் மை, அச்சின் நிறத்திலிருந்து வேறுபட்டிருக்கவேண்டும். லாரியின் சீல் எண் சான்றிதழில் உள்ள எண்ணோடு பொருந்தவேண்டும். இவற்றில் ஒன்று பிசகினாலும் சோதனைச் சாவடியில் லாரி நிற்கும். பல நிறுவனங்களின் சரக்கைச் சேர்த்து ஏற்றும் லாரியானால், ஒருவர் தாளில் உள்ள பிழைக்கு மற்ற எல்லோர் சரக்கும் காத்துக் கிடக்கும். இதனால் கலப்புச் சரக்கு ஏற்றவே பல லாரி நிறுவனங்கள் தயங்குகின்றன. ஒரு பேலட் (சரக்கு அடுக்கும் தட்டு) இரண்டு பேலட் அனுப்பியவர்களுக்கு வழி அடைபடுகிறது. மரப் பேலட்டுக்கும் விதி உண்டு: மரத்தின் உட்பகுதி 56 டிகிரி வெப்பத்தில் 30 நிமிடம் சூடேற்றப்பட்டு, அதற்கான முத்திரை பெற்றிருக்கவேண்டும்.

இந்தச் சோதனைகளை ஒன்றியம் முதல் நாளிலிருந்தே நடத்தியது. பிரிட்டனோ தன் பக்கச் சோதனைகளைப் பலமுறை தள்ளிவைத்தது. சுகாதாரச் சான்றிதழ் 2024 ஜனவரி 31 முதலும், நேரடிச் சோதனை ஏப்ரல் 30 முதலும்தான் வந்தன. மூன்று ஆண்டுகள் பிரிட்டன் விவசாயி தாள் சுமந்தார், எதிர்ப்பக்கத்துப் போட்டியாளர் சுமக்கவில்லை. இது நியாயமற்றது என்று அங்குள்ள விவசாயிகள் சொன்னதில் தவறில்லை. சோதனை தொடங்கியபோது டோவர் துறைமுகம், யூரோடன்னல் கடலடிச் சுரங்கம் வழியாக வரும் சரக்குக்கு, இடர் அளவைப் பொறுத்து வகைக்கு 10 அல்லது 29 பவுண்டு, ஒரு சரக்குக்கு அதிகபட்சம் 145 பவுண்டு என்று கட்டணமும் வந்தது. முழு லாரி அனுப்புபவருக்கு இது பொருட்டல்ல. சிறு கடைக்கு ஐந்து வகை இறைச்சியோ பாலாடைக்கட்டியோ கொண்டுவருபவருக்கு லாபமே போய்விடும்.

இனித் தரக்கட்டுப்பாடு. சொந்த விதி எழுதும் சுதந்திரம் வெளியேற்றத்தின் முக்கிய வாக்குறுதி. அதற்காக, பொருள் பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டது என்று காட்டும் ஐரோப்பாவின் சி.இ. முத்திரைக்குப் பதிலாக யு.கே.சி.ஏ. முத்திரை கொண்டுவரப்பட்டது. ஒரே இயந்திரத்தை இரண்டு முறை சோதித்து இரண்டு முத்திரை குத்த உற்பத்தியாளர்கள் விரும்பவில்லை. காலக்கெடு நீண்டுகொண்டே போய், 2023 ஆகஸ்டில் பல பொருள்களுக்கு சி.இ. முத்திரையைக் காலவரம்பின்றி ஏற்பதாக அரசே அறிவித்தது. வேதிப்பொருள் பதிவிலும் இதே கதை. ஹெல்சின்கியில் உள்ள ஐரோப்பிய முகமையிடம் ஏற்கெனவே பதிந்த பொருளைப் பிரிட்டனிலும் பதிய வேண்டும், சோதனைத் தரவுகளைப் பயன்படுத்த மீண்டும் பணம் கொடுக்கவேண்டும், காலக்கெடு தள்ளிப்போகிறது. சிறிய சந்தை தனி விதி எழுதினால் அந்தச் செலவு உள்ளூர்த் தொழிலின் மீதே விழுகிறது. இதற்கிடையே ஒன்றியம் தன் விதிகளை மாற்றிக்கொண்டே இருக்கிறது. 2024 டிசம்பர் 13 முதல் நுகர்வோர் பொருள்களுக்கு ஒன்றியத்துக்குள் பொறுப்பாளர் ஒருவர் இருக்கவேண்டும் என்பது அதில் ஒன்று. அந்த விதியை எழுதும் மேசையில் பிரிட்டனுக்கு இப்போது இருக்கை இல்லை.

சேவைத் துறையைப் பற்றிக் கட்டுரை சொன்னது சரி. லண்டன் நிறுவனங்கள் ஒரே உரிமத்தோடு ஒன்றியம் முழுவதும் நிதிச் சேவை தரும் உரிமையை இழந்தன.

மொத்த விளைவை பிரிட்டனின் பட்ஜெட் பொறுப்பு அலுவலகம் இப்படிக் கணிக்கிறது: ஒன்றியத்திலேயே இருந்திருந்தால் இருந்திருக்கக்கூடிய அளவைவிட ஏற்றுமதி, இறக்குமதி இரண்டும் நீண்டகாலத்தில் சுமார் 15 சதவீதம் குறைவு; உற்பத்தித்திறன் 4 சதவீதம் குறைவு. தீர்வையே இல்லாத ஒப்பந்தத்துக்கான கணிப்பு இது.

சுங்க ஒன்றியம் (ஒரே வெளித் தீர்வை) வேறு, ஒற்றைச் சந்தை (ஒரே தர விதிகள்) வேறு என்பதையும் கட்டுரை பிரித்துச் சொல்லியிருக்கலாம். நார்வே ஒற்றைச் சந்தையில் இருக்கிறது, சுங்க ஒன்றியத்தில் இல்லை. அதனால் சுவீடன் எல்லையில் சுங்க அறிக்கை உண்டு. துருக்கி தொழிற்பொருள்களுக்குச் சுங்க ஒன்றியத்தில் இருக்கிறது, ஒற்றைச் சந்தையில் இல்லை. அதனால் பல்கேரியாவை ஒட்டிய கபிகுலே எல்லையில் லாரிகள் வரிசைகட்டுகின்றன. பிரிட்டன் இரண்டையும் விட்டது. வட அயர்லாந்து மட்டும் சரக்குக்கு ஒன்றியத்தின் விதிகளில் தொடர்கிறது. அதனால் ஒரே நாட்டுக்குள் இங்கிலாந்திலிருந்து பெல்ஃபாஸ்டுக்குப் போகும் உணவுப் பொருள்கள் பலவற்றில் ‘ஐரோப்பிய ஒன்றியத்துக்கு அல்ல’ என்று அச்சிடவேண்டியிருக்கிறது.

2025 மே 19-இல் இரு தரப்பும் உணவு, தாவரச் சுகாதார ஒப்பந்தம் ஒன்றுக்குப் பேச ஒப்புக்கொண்டன. ஒன்றியத்தின் விதி மாறும்போதெல்லாம் பிரிட்டனும் மாற்றிக்கொள்ளவேண்டும் என்பது அதன் நிபந்தனை. அது கைகூடினால் பாலாடைக்கட்டிப் பெட்டிக்கு மருத்துவர் சான்றிதழ் தேவைப்படாது. சுங்க அறிக்கையும் மூலநாட்டு உறுதிமொழியும் அப்போதும் அதே பெட்டியோடு போகவேண்டும்.

அன்புடன்,
சரக்கு ஆவணப் பணி அறிந்த வாசகர்