வார்டு வாசலில் ஒரு பலகை

ஆசிரியருக்கு வணக்கம்.

செவிலியர்களின் மன அழுத்தம் பற்றித் தாங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். மூச்சுப் பயிற்சி, யோகா, நேரத்தைத் திட்டமிடல் என்று அதில் சொல்லியிருக்கும் வழிகள் எங்களுக்குப் புதியவை அல்ல. ஆண்டுதோறும் மே 12 செவிலியர் தினத்தன்று, மும்பையில் நான் வேலை பார்த்த தனியார் மருத்துவமனைகளிலும் இதையே சொன்னார்கள். வார்டில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்பதைக் கட்டுரை கேட்கவே இல்லை. எனக்கு அதுதான் வருத்தம்.

மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த போதனா மருத்துவமனையின் பொது வார்டில் மூன்று நோயாளிகளுக்கு ஒரு செவிலியர், மற்ற மருத்துவமனைகளில் ஐந்து பேருக்கு ஒருவர், விடுப்பில் போகிறவர்களுக்கு ஈடாக மேலும் 30 சதவீதம் பேர். இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த அளவு இது. நான் பார்த்த இரவுகளில் முப்பது கட்டில்களுக்கு இருவர். ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் மற்றவர் தனி ஆள். ஒரு கட்டிலில் டிரிப்ஸ் முடிந்திருக்கும், இன்னொன்றில் ஆக்சிஜன் அளவு இறங்கும், அதே நேரத்தில் அவசரப் பிரிவிலிருந்து புதிய நோயாளியை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு வருவார்கள். யாரிடம் முதலில் ஓடுவது? ஓட முடியாமல் போன இடத்தில் ஏதாவது நேர்ந்தால், மறுநாள் விளக்கக் கடிதம் எழுத வேண்டியவரும் அந்தச் செவிலியரே. பணி முடிந்து வீட்டில் படுத்த பிறகு, "ஏழாம் கட்டிலுக்கு இன்சுலின் போட்டேனா?" என்று பதறி எழுந்து வார்டுக்குப் போன் செய்த பெண்கள் எத்தனையோ பேர்.

இத்தனைக்கும் நடுவே படுக்கை விரிப்புகளை எண்ணிச் சலவைக்கு அனுப்ப வேண்டும், மருந்துக்கு இண்டெண்ட் என்னும் தேவைப் பட்டியல் எழுத வேண்டும், காப்பீட்டுக் கோப்புக்குத் தாள் சேர்க்க வேண்டும். உடைந்த தெர்மாமீட்டருக்குச் சம்பளத்தில் பிடித்த இடங்களும் உண்டு. மருத்துவர் வரத் தாமதமானால், உறவினர்களின் கோபம் எதிரில் நிற்கும் சிஸ்டர் மீதே பாய்கிறது. தமிழ்நாட்டிலிருந்து வந்து இந்தியும் மராத்தியும் சரளமாகாத இளம்பெண்ணுக்குப் பதில் சொல்லவும் வாய் வராது. வாடகைக்குப் பயந்து கல்யாண், அம்பர்நாத் பக்கம் குடியிருப்பவர்கள் காலை ஏழு மணிப் பணிக்கு விடியுமுன்னே லோக்கல் ரயில் பிடிக்கிறார்கள்.

சம்பளத்தையும் சொல்லியாக வேண்டும். உச்ச நீதிமன்ற உத்தரவின்பேரில் மத்திய அரசு அமைத்த குழு, 50 கட்டில்களுக்குக் குறைவான தனியார் மருத்துவமனையிலும் மாதச் சம்பளம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்றும், 200 கட்டில்களுக்கு மேல் இருந்தால் அரசுச் செவிலியருக்கு இணையாகத் தர வேண்டும் என்றும் 2016-லேயே பரிந்துரைத்தது. அதைக் கேட்டால் வேலை போய்விடும் என்று அஞ்சுகிற பெண்களை இன்றும் சந்திக்கிறேன். வேலையில் சேர்ந்தபோது கொடுத்த மூலச் சான்றிதழ்கள் நிர்வாகத்தின் அலமாரியில் இருந்தால் துணிச்சல் எங்கிருந்து வரும்?

பாதுகாப்பைப் பற்றி மும்பைக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. 1973 நவம்பரில் கே.இ.எம். மருத்துவமனைச் செவிலியர் அருணா ஷான்பாக், பணி முடித்து உடை மாற்றப் போன இடத்தில், அங்கேயே வேலை பார்த்த துப்புரவுப் பணியாளரால் தாக்கப்பட்டுச் சுயநினைவை இழந்தார். 2015-இல் இறக்கும்வரை, ஏறத்தாழ 42 ஆண்டுகள், அவரைப் பார்த்துக்கொண்டவர்கள் அந்த மருத்துவமனைச் செவிலியர்கள். ஆனாலும் பூட்டு ஒழுங்காக விழாத உடை மாற்றும் அறைகளை அதற்குப் பிறகும் பல இடங்களில் நான் கண்டிருக்கிறேன்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. ஒவ்வொரு வார்டு வாசலிலும் ஒரு பலகை வைத்து, அந்த வேளையில் எத்தனை நோயாளிகள், எத்தனை செவிலியர்கள் என்று எழுதச் சொல்லிச் சுகாதாரத் துறை உத்தரவிட வேண்டும். உறவினர்களும் அதைப் படிக்கட்டும். யாரிடம் கோபப்பட வேண்டும் என்பது அவர்களுக்கே புரியும். உத்தரவு வரும்வரை தங்கள் செய்தியாளர்கள் இந்த நகரத்தின் சில மருத்துவமனைகளுக்கு இரவு இரண்டு மணிக்குப் போய் எண்ணிப் பார்த்து, அந்த எண்ணிக்கையைத் தங்கள் இதழிலேயே வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
செம்பூர், மும்பை