கைபேசியே போதும், தவணை வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

குழந்தைகளின் செஸ் பயிற்சி பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். போட்டிகளுக்குப் போகும் பிள்ளைக்கு நல்ல டெஸ்க்டாப் கட்டாயம் வேண்டும், கைபேசியில் ஓடும் செஸ் ப்ரோகிராம்கள் பொழுதுபோக்குக்குத்தான் சரி என்று அதில் ஒரு பத்தி இருந்தது. என் மாணவி ஒருத்தியின் அப்பா தையல்காரர். அந்தப் பக்கத்தை வெட்டி எடுத்து வந்து, "சார், தவணையில ஒண்ணு எடுத்துடலாமா?" என்று கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலையே உங்களுக்கும் எழுதுகிறேன்.

2009 ஆகஸ்டில் அர்ஜென்டினாவின் புவனோஸ் ஐரிஸ் நகரில் கோப்பா மெர்கோசுர் போட்டி நடந்தது. பாக்கெட் ஃபிரிட்ஸ் 4 என்ற ப்ரோகிராம் ஓர் எச்டிசி கைபேசியில் ஓடியபடி அதில் கலந்துகொண்டது. பத்து ஆட்டங்களில் ஒன்பது வெற்றி, ஒரு டிரா. அந்தப் போட்டியில் அது ஆடிய ஆட்டத்தின் தரம், செஸ் ஆட்டக்காரர்களின் பலத்தை அளக்கும் எலோ கணக்கில் 2898. போனின் பிராசஸர் வேகம் வெறும் 528 மெகாஹெர்ட்ஸ். இன்று நம் ஊர்க் கடையில் இருப்பதிலேயே விலை குறைந்த ஆண்ட்ராய்டு போன்கூட அதைவிடப் பல மடங்கு வேகம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1997-இல் அப்போதைய உலக சாம்பியன் காஸ்பரோவை வென்ற ஐபிஎம் கம்ப்யூட்டர் டீப் புளூ, பலகையில் காய்கள் நிற்கக்கூடிய நிலைகளை நொடிக்குச் சுமார் 20 கோடி அலசியது. அதற்கென்றே செய்த 480 செஸ் சில்லுகள் அதில் இருந்தன. பாக்கெட் ஃபிரிட்ஸ் அலசியதோ நொடிக்கு 20,000-க்கும் குறைவு. பத்தாயிரம் மடங்கு வித்தியாசம்! எந்த நகர்த்தலைப் பார்க்கவே வேண்டாம் என்று ஒதுக்கத் தெரிந்ததால்தான் அந்தச் சின்ன பிராசஸர் அவ்வளவு நன்றாக ஆடியது. ஒரு நிலையில் ஒரு நகர்த்தல் கூடுதலாக ஆழம் போக வேண்டுமென்றால் வேலை மடங்கு மடங்காகப் பெருகும். அதனால் பத்து மடங்கு வேகமான கம்ப்யூட்டர் பத்து மடங்கு நன்றாக ஆடாது. சில நகர்த்தல்கள் தள்ளிப் பார்க்கும், அவ்வளவுதான்.

டெஸ்க்டாப்புக்குப் பலம் இல்லை என்று நான் சொல்லவில்லை. போனின் பிராசஸருக்குள் எட்டு கோர், அதாவது கணக்குப் போடும் எட்டுப் பகுதிகள், என்று போட்டிருந்தாலும் எட்டும் சமமில்லை. சில வேகமானவை, மற்றவை பேட்டரியை மிச்சப்படுத்த வைத்த மெதுவானவை. ஸ்டாக்ஃபிஷ் என்ற செஸ் ப்ரோகிராம் 2020 முதல், ஏராளமான நிலைகளைக் காட்டிப் பழக்கிய ஒரு சிறிய நியூரல் நெட்வொர்க்கைக் கொண்டு நிலைகளை மதிப்பிடுகிறது. அதற்கு வேண்டிய பெருக்கல் கூட்டல்களை இப்போதைய டெஸ்க்டாப் பிராசஸர்கள் ஒரே தடவையில் பல எண்களாக, 256 பிட் அகலத்திலோ அதற்கும் மேலோ, அள்ளிச் செய்யும். போன்களில் வழக்கமாக 128 பிட்தான். அப்புறம் சூடு. என் போனில் ஒரு நிலையைக் கொடுத்து இருபது நிமிடம் விட்டுப் பார்த்தேன். முதலில் நன்றாக ஓடியது, பிறகு போன் கையில் பிடிக்க முடியாமல் சுட்டது, வேகமும் கண்ணெதிரே இறங்கியது. ஃபேன் வைத்த டெஸ்க்டாப்புக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆகவே முதல் சில நொடிகளின் வேகத்தை வைத்து இரண்டையும் ஒப்பிடக் கூடாது. ஒரே செஸ் ப்ரோகிராம், ஒரே பதிப்பு, ஒரே நிலை, போதுமான நேரம் என்று வைத்துப் பார்த்தால்தான் அது நியாயமான ஒப்பீடு.

இந்த வேகம் யாருக்குத் தேவை? ஆட்டத் தொடக்கத்தில் வரும் ஒரே ஓப்பனிங் நிலையை இரவு முழுக்க ஓட விட்டு, எதிராளி இதுவரை பார்க்காத நகர்த்தலைத் தேடும் கிராண்ட்மாஸ்டர்களின் குழுவுக்குத் தேவை. ஒரு நகர்த்தலுக்கு நாட்கணக்கில் யோசிக்கும் கடிதவழி செஸ் ஆடுபவர்களுக்குத் தேவை. ஆறாம் வகுப்புப் பிள்ளை குதிரையைக் கவனிக்காமல் ராணியை இழந்த ஆட்டத்துக்கு எதற்கு? என் மாணவர்களின் ஆட்டங்களைப் போனிலும் வீட்டு டெஸ்க்டாப்பிலும் போட்டுப் பார்த்திருக்கிறேன். தோல்விக்குக் காரணமான நகர்த்தலை இரண்டுமே சில நொடிகளில், அதே இடத்தில் காட்டின.

ஸ்டாக்ஃபிஷ் இலவசம். அதை உள்ளே வைத்திருக்கும் டிராய்ட்ஃபிஷ் ஆப்பும் இலவசம். பிள்ளை முதலில் பலகையில் தானே யோசித்து, தன் தவறு எது என்று எழுதி வைத்துவிட்டு, அப்புறம் அப்பாவின் போனை வாங்கிச் சரிபார்க்கட்டும்.

அந்த மாணவியின் அப்பா தவணை யோசனையை விட்டுவிட்டார். அடுத்த மாதம் வெளியூரில் நடக்கும் போட்டிக்கு நுழைவுக் கட்டணமும் பஸ் செலவும் அந்தப் பணத்தில் போகிறது. ஆனால் அந்தப் பக்கத்தை வெட்டி வைத்திருக்கும் மற்ற பெற்றோரை எனக்குத் தெரியாது. ஆரம்பநிலைப் பிள்ளைகளுக்கு வீட்டில் இருக்கும் கைபேசியே போதும் என்று அடுத்த இதழில் இரண்டு வரி வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
ஒரு செஸ் பயிற்சியாளர்,
கரூர்.