வாத்து: ஏராளம்

அன்புள்ள சண்முகம்,

மூன்று மாதமாகப் பதில் போடவில்லை. திட்டுவதைப் பொங்கலுக்கு வந்து நேரில் திட்டு. அம்மாவுக்கு முழங்கால் தேவலையா? பால்ராஜ் அண்ணாச்சி சங்கதி என் காதுக்கும் வந்தது. அதைப் பற்றி எழுதாதே.

நீ அனுப்பிய கூந்தன்குளம் பறவைப் பட்டியலில் "வாத்து: ஏராளம்" என்று இருக்கிறது. ஏராளமாம்! பந்தியில் இலைகூட எண்ணித்தான் போடுவார்கள், மாப்ளே. பொங்கல் பறவைக் கணக்கெடுப்புக்கு 15 நிமிடம் பார்த்த பட்டியலே போதும். ஆனால் கண்ணில் பட்டது எல்லாம், காகம் மைனா உட்பட, எண்ணோடு இருக்க வேண்டும்.

நம் பக்கத்துக் குளங்களுக்குக் கரை பெரும்பாலும் கிழக்கே. நிலம் அப்படித்தான் சரிகிறது. காலையில் கரைமேல் நின்றால் வெயில் உன் முதுகில், வாத்தின் முகத்தில். சாயங்காலம் அங்கேயே நின்றால் ஊசிவால் வாத்தும் நாமக்கோழியும் ஒரே கருநிழல். ஒன்பதரைக்கு மேல் தண்ணீர்மேல் கானல் நெளியும். தொலைநோக்கியை 60 மடங்குக்குத் திருகாதே, 20, 25 போதும்.

கூட்டத்தில் பத்தை ஒவ்வொன்றாக எண்ணி, அது எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணில் வாங்கிக்கொள். அந்த அளவை வைத்து இடமிருந்து வலமாக நகர். ஓரத்தில் கலைந்து நிற்கும், நடுவில் நெருக்கம். ஓரத்து அளவை நடுவுக்கும் வைத்தால் கணக்குக் குறைந்துபோகும். நடுவுக்குத் தனியாக ஒரு பத்து எண்ணு. மூன்று தடவை எண்ணி நடு எண்ணை எழுது. இனம் பிரிக்க, நாலைந்து இடத்தில் நூறு நூறாக எடுத்து விகிதம் போடு. ஊசிவால் தலைகுப்புற மேயும்போது வால்தான் தெரியும். அந்த வாலும் ஒரு தலைதான்.

சேற்றுப் பூனைப்பருந்து வந்தால் குளமே எழும்பும். பாதி எண்ணியதை அடித்துவிட்டு, எல்லாம் உட்கார்ந்தபின் முதலிலிருந்து தொடங்கு. அடுத்திருக்கும் காடன்குளம் பக்கம் பறந்ததற்கு நேரமும் திசையும் குறி. இல்லாவிட்டால் அங்கேயும் போய் அதையே எண்ணுவாய்.

நீலச்சிறகி வாத்தில் ஆணுக்குக் கண்மேல் வெள்ளைப்பட்டை என்று தேடுகிறாயே, தையில் பல ஆண்கள் இன்னும் பெட்டை மாதிரிதான் இருக்கும். அலகடியில் வெளிறிய பொட்டு, கண் வழியே கருங்கோடு, பறக்கும்போது நீலச்சாம்பல் முன்சிறகு: இவற்றைப் பார். முடியவில்லையா, "வாத்து, இனம் தெரியவில்லை" என்று எழுது. கேவலமில்லை. உன் பட்டியலில் போட்ட அந்தப் 14 கருப்பு உள்ளான்தான் கேவலம்! அது தனியாகத் திரிகிற பறவை. கூட்டமாக நின்றதென்றால் பொறி உள்ளானாக இருக்கும். எழும்பும்போது சிறகின் அடிப்பக்கம் பார்: கருப்பென்றால் நீ சொன்னது, வெளுப்பென்றால் நான் சொன்னது.

வரித்தலை வாத்தும் இல்லை என்று போட்டிருக்கிறாய். அது ராத்திரி வயலில் மேய்ந்துவிட்டுக் காலையில்தான் குளத்துக்குத் திரும்பும். ஆறரைக்கே கணக்கை முடித்தால் எப்படி?

விளையாட்டு போதும். தண்ணீர் மட்டத்தையும் எழுது. குளம் நிறைந்து மறுகால் பாய்கிற வருடம் சேறு இருக்காது, சேற்றில் மேய்கிற உள்ளான் குறையும், வாத்தும் சிதறி நிற்கும். வெறும் எண்ணைப் பார்க்கிறவன் பறவை அழிந்துவிட்டது என்பான். நீ இரண்டாயிரத்தை ஐயாயிரமாக்கினால், அடுத்த வருடச் சரியான எண்ணைப் பார்த்தும் அதையே சொல்வான். படத்துக்காகக் கைதட்டிக் கூட்டத்தை எழுப்புகிற உன் சகலையைக் கூட்டி வராதே. இமயம் தாண்டித் திரும்புவதற்குச் சேர்க்கிற கொழுப்பை இங்கேயே எரிக்க வைக்கிறான்.

மாட்டுப் பொங்கலன்று காலை ஐந்தரை, நாங்குநேரி டீக்கடை. காணும் பொங்கல் வேண்டாம், ஊரே கரையில் நிற்கும். அந்த மஞ்சள் சட்டையும் வேண்டாம். உன் கல்யாணத்துக்கே வேண்டாம் என்றுதான் சொன்னோம்.

உன்,
முருகன்