ஸ்டியரிங் பிடிக்கற நேரத்த மட்டும் எண்ணாதீங்க: சாலைப் போக்குவரத்து அமைச்சகத்துக்கு ஒரு லாரி டிரைவரோட திறந்த மடல்

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்துல இருக்கற பெரியவங்களுக்கு வணக்கமுங்க. நான் நாமக்கல் பக்கம். நேஷனல் பர்மிட் வண்டி ஓட்டறேன், பாம்பே, குஜராத், டெல்லின்னு வடக்கு லைன். லாரி டிரைவருக்கும் பைலட் மாதிரி ஓட்டற நேரத்த ஃபிக்ஸ் பண்ணணும், தூக்கம் வந்தா கண்டுபிடிக்கற சென்சார் வண்டில வைக்கணும்னு அமைச்சர் கட்கரி ஐயா 2021 செப்டம்பர்லயே சொன்னாரு. எனக்கு அதுல மாத்துக் கருத்து இல்லைங்க. கண்டிப்பா வேணும். விடியக்காலம் மூணு மணிக்கு மேல கண்ணு தொறந்தே தான் இருக்கும், ஆனா முன்னாடி போற வண்டியோட டெயில் லைட் கிட்ட வர்ற வரைக்கும் மண்டைல ஏறாது, தர்மபுரி பக்கம் தொப்பூர் மலை இறக்கத்துல அந்த மாதிரி ஒருத்தன் வந்தா என்ன ஆகும்னு அந்த ரோட்டுல போறவங்க எல்லாத்துக்கும் தெரியும். எங்க கவலை வேற. எந்த நேரத்த எண்ணப் போறீங்க?

நேர வரம்பு ஒண்ணும் புதுசு இல்லைங்க. 1961-லயே மோட்டார் போக்குவரத்து தொழிலாளர் சட்டம் வந்தாச்சு. நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48. லாங் ரூட்டுன்னா நாளைக்கு 10 மணி நேரம், வாரத்துக்கு 54 வரைக்கும் போலாம். அஞ்சு மணி நேரம் வேலை பாத்தா அரை மணி ரெஸ்ட். 1988 மோட்டார் வாகனச் சட்டத்துலயும் 91-வது பிரிவு அதையே தான் கை காட்டுது. அப்புறம் ஏன் யாருமே 8 மணி நேரத்துல வண்டிய ஓரங்கட்டறதில்லன்னா, அந்த சட்டம் அஞ்சு பேரோ அதுக்கு மேலயோ வேலை செஞ்ச கம்பெனிக்கு தான் பொருந்துச்சு. அதுக்கு பதிலா 2020-ல பாஸ் பண்ணி 2025 நவம்பர்ல அமலுக்கு வந்த தொழிலாளர் பாதுகாப்பு தொகுப்புல அத பத்து பேருன்னு ஏத்திட்டீங்க. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் வந்து பாருங்க, ஒரு வண்டி ரெண்டு வண்டி வச்சிருக்கற ஓனர் எத்தனை பேரு, ஃபைனான்ஸ்ல எடுத்து தானே ஓட்டறவரு எத்தனை பேரு. அவங்க யாரும் இந்த கணக்குக்குள்ளயே வரமாட்டாங்க. புது விதி போடறப்ப அது ஆள் எண்ணிக்கைய பாக்கக்கூடாது, வண்டிக்குன்னு இருக்கணும்.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். லோடு ஏத்தற எடத்துலயும் எறக்கற எடத்துலயும் நாங்க நிக்கற நேரம். கம்பெனி கேட்டுக்கு வெளிய வரிசைல போட்டா எப்ப கூப்புடுவாங்கன்னே தெரியாது, சில சமயம் அரை நாள், சில சமயம் முழு நாள். ஓட்டல தானே, படுத்து தூங்கலாமேன்னு தோணும். ஆனா அரை மணிக்கு ஒருக்கா ஒரு வண்டி நீளத்துக்கு முன்னாடி நகத்தணும், நகத்தாம கண்ணசந்தா பின்னாடி இருக்கறவன் ஆரன் அடிப்பான், இல்லீன்னா எடத்துல புகுந்துருவான், அப்புறம் செக்யூரிட்டி கிட்ட மல்லு கட்டணும். உள்ள போனா தார்ப்பாய அவுக்கணும், கயித்த சுருட்டணும், மூட்டைய எண்ணணும். கிளீனர் வச்சு ஓட்டற காலம் முடிஞ்சு போச்சு, எல்லாம் ஒரே ஆள் தான். இத்தனையும் முடிச்சு பில்லு கைக்கு வர்றப்ப பொழுது எறங்கியிருக்கும். ஓட்டற நேரத்த மட்டும் எண்ணற மெஷின் வந்தா, அந்த கணக்குல நான் அன்னைக்கு ஒரு கிலோமீட்டர் கூட ஓட்டல, ஃப்ரெஷ்ஷான டிரைவர். என் உடம்பு கணக்குல நான் காலைல இருந்து வேலை பாத்துட்டு இப்ப தான் ராத்திரி வண்டி எடுக்கறேன்.

அதுவும் ஏன் ராத்திரின்னா பகல்ல பெரிய ஊருக்குள்ள நோ என்ட்ரி. மெட்ராஸ், பெங்களூர்னு எங்க போனாலும் ஹெவி வண்டிக்கு நேரம் வச்சிருக்காங்க, அது மக்களுக்கு வேணும் தான், குத்தம் சொல்லல. ஆனா பார்ட்டிக்கு, அதாவது சரக்கு அனுப்பறவருக்கு, அதெல்லாம் கணக்குல வராது. சரக்கோட போற ஜிஎஸ்டி சீட்டான ஈ-வே பில்லுல அரசாங்கமே நாளைக்கு 200 கிலோமீட்டர்னு தான் டைம் குடுக்குது, பார்ட்டி கேக்கறது அதுக்கு ரெண்டு மூணு மடங்கு. லேட்டானா வாடகைல புடிப்பாங்க. ஜிபிஎஸ் பாத்துட்டு ஏன் வண்டி நிக்குதுன்னு புக்கிங் ஆபீஸ்ல இருந்து போன் வரும், தூங்கறேன்னு சொன்னா அத ஒரு பதிலாவே எடுத்துக்க மாட்டாங்க.

சம்பளமும் அப்படித்தாங்க. பேட்டா, ட்ரிப்புக்கு இத்தனை, இல்ல வாடகைல இத்தனை பர்சன்ட். வண்டி உருண்டா தான் காசு, நின்னா ஒண்ணும் கெடையாது. இந்த நெலமைல 8 மணி நேரம் தான் ஓட்டணும்னு மட்டும் ஒரு விதி வந்துச்சுன்னா மாசத்துக்கு ட்ரிப் கொறையும், டிரைவர் வீட்டுக்கு போற பணம் கொறையும், ஓனருக்கு டியூ கட்ட முடியாது. அப்புறம் ரெண்டு பேரும் சேந்து மெஷின ஏமாத்தற வழிய தான் தேடுவாங்க.

ஐரோப்பாவ பாத்து தான் இத பண்ணப்போறதா சொல்றீங்க. அங்க 2006-ல போட்ட 561-ம் நம்பர் விதிய முழுசா எடுத்துட்டு வாங்கன்னு கேட்டுக்கறேன். நாலரை மணி நேரம் ஓட்டுனா 45 நிமிஷம் ரெஸ்ட், நாளைக்கு 9 மணி நேரம், இத எல்லாரும் சொல்றாங்க. அதே விதில 10-வது பிரிவுன்னு ஒண்ணு இருக்கு, அத பத்தி இங்க பேச்சே இல்ல. ரோடு பாதுகாப்ப கெடுக்கற மாதிரி தூரத்துக்கும் வேகத்துக்கும் காசு குடுக்கக் கூடாதுன்னு அதுல இருக்கு. சரக்கு அனுப்பற பார்ட்டியும் ஏஜென்டும் பேசற டெலிவரி டைம் இந்த நேர வரம்புக்குள்ள இருக்கணும்னும் இருக்கு. அதாவது பொறுப்பு டிரைவர் தலைல மட்டும் இல்ல, சரக்குக்காரனுக்கும் உண்டு. அந்த பிரிவ விட்டுட்டு சென்சார மட்டும் எடுத்துட்டு வந்தா ஃபைன் கட்டறது நாங்களா தான் இருப்போம்.

ரெஸ்ட் எடுக்க எடமும் வேணும். ராத்திரி டோல் தாண்டி ஓரத்துல போட்டா டேங்க்ல டீசல் உறிஞ்சிருவான், தார்ப்பாய அறுத்து சரக்க எடுத்துருவான், காணாம போனது எங்க கணக்குல தான் ஏறும். அதனால சீட்டுக்கு பின்னாடி படுத்தாலும் காது டேங்க் மூடி பக்கமே இருக்கும். 2025 அக்டோபர்ல இருந்து தயாராகற லாரிக்கு ஏசி கேபின் கட்டாயம்னு கொண்டாந்தீங்க, மனசார நன்றிங்க, பகல் ஓட்டத்துக்கு அது பெரிய விஷயம். ஆனா வண்டி நிக்கறப்ப ஏசி ஓடணும்னா இஞ்சின் ஓடணும், அந்த டீசல மைலேஜ் கணக்குல எங்ககிட்ட தான் கேப்பாங்க. லைட்டு, கேமரா, வாட்ச்மேன், கக்கூஸ், குளிக்க தண்ணி, இதோட லாரி நிறுத்தற எடம் மொதல்ல ஹைவேல வரட்டும், அப்புறம் நிறுத்தலன்னு ஃபைன் போடுங்க.

கேட்டுல வண்டி நுழைஞ்ச நேரத்த சீல் போட்டு குடுக்கணும், அந்த நேரத்துல இருந்து டூட்டி கணக்கு ஓடணும், இத்தனை மணிக்கு மேல காக்க வச்சா ஹால்டிங் காசு பார்ட்டி குடுக்கணும், அதுல டிரைவர் பங்கு டிரைவர் அக்கவுன்ட்டுக்கே வரணும். ஒரு காலத்துல நேஷனல் பர்மிட்டுக்கு ரெண்டு டிரைவர்னு விதி இருந்துச்சே, லாங் ட்ரிப்புக்காவது ரெண்டாவது ஆளுக்கு வாடகைலயே எடம் இருக்கற மாதிரி பாருங்க.

இன்னொண்ணு. நீங்க வரைவு விதிய கெஜட்ல இந்திலயும் இங்கிலீஷ்லயும் போட்டு 30 நாள்ல கருத்து சொல்லுன்னு கேப்பீங்க. அந்த 30 நாள்ல பாதி நாள் நாங்க ரோட்டுல இருப்போம், மீதி நாள் எவன் கேட்டுலயாச்சும் நிப்போம். இந்த ஒரு விதியையாவது தமிழ், தெலுங்கு, கன்னடம், பஞ்சாபின்னு டிரைவர்ங்க படிக்கற பாஷைல அச்சடிச்சு டோல்கேட்டுலயும் லாரி ஸ்டேண்டுலயும் ஒட்டுங்க, வாய்ஸ் மெசேஜ்ல கருத்து சொல்ற மாதிரி ஒரு நம்பர் குடுங்க. வரிசைல நிக்கற நேரத்துல நாங்களே பேசி அனுப்பறோம்.

இப்படிக்கு,
நாமக்கல் மாவட்டத்து லாரி டிரைவர் ஒருத்தன்