வாட்டர்ஜெட் பம்ப்: சீலை மட்டும் மாற்றிவிட்டுப் போவது குறித்த புகார்

அனுப்புநர்: உரிமையாளர், வாட்டர்ஜெட் ஜாப் ஒர்க் பட்டறை, மணலி, வட சென்னை.

பெறுநர்: மேலாளர், சர்வீஸ் பிரிவு.

பொருள்: வாட்டர்ஜெட் (உயர் அழுத்தத் தண்ணீரால் வெட்டும்) மெஷினில் தண்ணீரின் அழுத்தத்தை ஏற்றும் இன்டென்சிஃபயர் பம்ப் அடிக்கடி பழுதாவது, ஏ.எம்.சி. (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்த) வேலை ஒழுங்காக நடக்காதது.

ஐயா, வணக்கம்.

உங்களிடம் வாங்கிய மெஷினுக்கு ஏ.எம்.சி. தொகையை ஆண்டுதோறும் தவறாமல் கட்டிவருகிறோம். ஆனாலும் பம்பின் இடது பக்க ஹை பிரஷர் சீல் திரும்பத் திரும்பப் போகிறது. உங்கள் இன்ஜினீயர் வருவார், சீலை மாற்றுவார், பிரஷர் ஏறியதும் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். கொஞ்ச நாளில் அதே பக்கத்து வீப் ஹோலில் (கசிவைக் காட்டும் துளையில்) மறுபடி தண்ணீர் சொட்டும்.

சீல் தேயும் பொருள்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் வலது பக்கச் சீல் நன்றாக உழைக்கிறதே! கடைசியாகக் கழற்றியபோது இடது பிளஞ்சரில் (சீலுக்குள் முன்னும் பின்னும் ஓடும் தண்டில்) நகத்தை ஓட்டிப் பார்த்தேன். நீளவாக்கில் ஒரு கோடு தெளிவாகத் தட்டுப்பட்டது. இன்ஜினீயரிடம் காட்டினேன். "அது ஒண்ணும் பண்ணாது சார்" என்று சொல்லி, புதுச் சீலை அதன் மேலேயே ஏற்றிவிட்டார். சர்வீஸ் ரிப்போர்ட்டில் அந்தக் கோட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

கேட்டால் "உங்க ஏரியா தண்ணி சரியில்லை" என்கிறீர்கள். மீஞ்சூர் பக்கம் நிலத்தடியில் கடல்நீர் ஏறியது ஊரறிந்த விஷயம். அதற்காகத்தான் ஆர்.ஓ. போட்டிருக்கிறோம். உப்பே இல்லாத தண்ணீரும் உலோகத்தை அரிக்கும் என்பதால் ஆர்.ஓ. நீரில் சாதாரணத் தண்ணீரை அளவாகக் கலந்துதான் விடுகிறோம். டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்த உப்பின் அளவு) குறித்த நோட்டு மெஷின் பக்கத்திலேயே இருக்கிறது, யாரும் புரட்டிப் பார்த்ததில்லை. அப்புறம், இரண்டு பக்கத்துக்கும் போவது ஒரே தண்ணீர். அதுதான் காரணமென்றால் ஒரு பக்கம் மட்டும் எப்படிப் போகும்?

இதைவிட என்னைப் பதற வைத்தது வேறொன்று. சமீபத்தில் போனில் பேசிய உங்கள் ஆள், "மெஷினை ஓடவிட்டு எங்க லீக்னு கை வச்சுப் பாருங்க" என்று எங்கள் ஆபரேட்டரிடம் சொல்லியிருக்கிறார். 200 பார் எண்ணெய் அழுத்தம் 20 மடங்காகி, தண்ணீர் 4,000 பாரில் வரும் இடம் அது. மயிரிழைக் கசிவுகூடத் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், உள்ளே சதை அழுகி விரலையே எடுக்க வேண்டி வரலாம். நல்லவேளை, பையன் கை வைக்கவில்லை. யாரிடமும் இனி இப்படிச் சொல்லக் கூடாது என்று உங்கள் ஆட்களுக்கு எழுத்தில் உத்தரவு போட்டு, அதன் நகலை எனக்கு அனுப்புங்கள்.

இங்கே ஆலைகளின் ஷட்டவுன் நேரத்தில் குழாய் இணைப்புக்கான ஃபிளேஞ்ச், கேஸ்கெட் வெட்டிக் கொடுப்பதுதான் எங்கள் பிழைப்பு. அந்த நேரத்தில் மெஷின் நின்றால் ஆர்டர் அடுத்த பட்டறைக்குப் போய்விடும், திரும்பி வராது. ஆகவே அனுபவமுள்ள ஒருவரை அனுப்பி, இரண்டு பக்கச் சிலிண்டரையும் கழற்றி, பிளஞ்சர், செக் வால்வு (தண்ணீரை ஒரே திசையில் விடும் வால்வு) எல்லாவற்றையும் என் முன்னால் சோதியுங்கள். கோடு விழுந்த பிளஞ்சரை ஏ.எம்.சி. கணக்கிலேயே மாற்றித் தாருங்கள். சீல் கிட்டைச் சென்னையிலேயே இருப்பு வையுங்கள். நாங்கள் கையெழுத்துப் போடாமல் எந்தக் கம்ப்ளைண்டையும் முடிந்ததாகக் காட்டாதீர்கள்.

ஏ.எம்.சி. புதுப்பிக்கும் தேதி நெருங்குகிறது. பிளஞ்சர் மாறும்வரை அந்தப் பணத்தைக் கட்டுவதாக இல்லை.

இப்படிக்கு,
பட்டறை உரிமையாளர்