கன்று வைத்தவர்கள் திரும்பிப் போக வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

செப்டம்பர் 24 நாட்டு நலப்பணித் திட்ட நாள். 1969-இல், காந்தி நூற்றாண்டின்போது, 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கிய திட்டம் இது. அன்று கல்லூரிகளில் உறுதிமொழி எடுப்பார்கள், பேரணி போவார்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுப்பே இல்லை என்று மேடையில் யாராவது வருத்தப்படுவார்கள். நான் திருவாரூர் மாவட்டத்துக் கல்லூரி ஒன்றில் தாவரவியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். ஏழு வருடம் இந்தத் திட்டத்தின் அலுவலராகவும் இருந்தேன். அந்த நாட்களில் நான் செய்த தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு அலுவலருக்கு நூறு மாணவர்கள். ஒவ்வொருவரும் இரண்டு வருடத்தில் 240 மணி நேரம் சேவை செய்ய வேண்டும். அது போக, தத்தெடுத்த கிராமத்தில் ஏழு நாள் சிறப்பு முகாம். 2014 பிப்ரவரி முகாமில், வாய்க்கால் கரையில் அறுபது புங்கன் கன்று நட்டோம். ஒவ்வொரு கன்றுக்கும் பக்கத்தில் மூங்கில் குச்சி ஊன்றி, நட்டவர் பெயரை எழுதிக் கட்டச் சொன்னேன். பெயர் இருந்தால் பொறுப்பு வரும் என்று நம்பினேன். ஊராட்சித் தலைவர் வந்து முதல் கன்றை நட்டார், புகைப்படம் எடுத்தோம், அறிக்கை அனுப்பினோம். அப்புறம் அந்தப் பக்கம் யாரும் போகவில்லை, நானும்தான்.

மறு வருடமும் அதே ஊர், அதே கரை. மூன்று கன்றுதான் உயிரோடு இருந்தது. பழைய குழிகளிலேயே மறுபடி நடலாம் என்று முடிவு செய்தோம். இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவன் கடப்பாரையால் ஒரு குழியைக் கிளறிக்கொண்டிருந்தவன், சட்டென்று உட்கார்ந்துவிட்டான். கிட்டே போய்ப் பார்த்தேன். அவன் கையில் நர்சரிக் கறுப்புப் பை இருந்தது. அதற்குள் கையளவு காய்ந்த மண். காய்ந்த வேர் பைக்குள்ளேயே வளையம் வளையமாகச் சுற்றிக் கிடந்தது. பக்கத்தில் சாய்ந்திருந்த குச்சியில் பாதி அழிந்த எழுத்தில் இருந்தது அவனுடைய பெயர்தான். "மேடம், பையோடயே வச்சிருக்கேன்" என்றான். வேறெதுவும் பேசவில்லை. எழுந்து போய் ஒவ்வொரு குழியாகக் கிளறிப் பார்த்தான். பதினொரு குழியில் பை கிழிக்காமலே இருந்தது.

வேர் எப்படி மண்ணுக்குள் இறங்குகிறது என்பதை அவனுக்கு வகுப்பில் நடத்தியவள் நான். பையைக் கிழித்துவிட்டு நட வேண்டும் என்று முகாமில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நட்ட அன்று பக்கத்தில் நின்று பார்க்கவும் இல்லை.

அன்றைக்குத்தான் இன்னொன்றும் தெரிந்தது. கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா கிட்டே வந்தார். "டீச்சர், ஆத்துல தண்ணி நின்னு போச்சு. அறுப்பு முடிஞ்சு ஆடு மாட்டையெல்லாம் அவுத்து விட்டாச்சு. இப்ப வந்து கன்னு வச்சா யாரு தண்ணி ஊத்துறது? புரட்டாசியில வச்சா மழையே பாத்துக்குமே. போன வருசமே சொல்லியிருப்பேன், யாரும் கேக்கல" என்றார்.

டெல்டாவில் பிறந்த எனக்கு இது தெரியாததில்லை. ஜனவரி 28-இல் மேட்டூர் அணையை மூடுவது வழக்கம். ஜூன் 12-இல் திறக்க வேண்டும், அந்த வருடங்களில் அதுவும் தள்ளித் தள்ளிப் போனது. சம்பா அறுவடைக்குப் பிறகு தரிசில் ஆடு மாடுதான். களிமண் பாளம் பாளமாக வெடிக்கும். பிப்ரவரியில் நட்ட கன்று எப்படிப் பிழைக்கும்? ஆனாலும் முகாம் பிப்ரவரியில்தான் நடக்கிறது. தேர்வு முடிந்து அடுத்த பருவம் தொடங்கியிருக்கும், மார்ச் 31-க்குள் முகாம் செலவுக்குக் கணக்குக் காட்ட வேண்டும். எங்கள் வசதிக்கு ஏற்ற மாதம் அது. அந்த ஊருக்கும் மண்ணுக்கும் எது ஏற்ற மாதம் என்று நாங்கள் யோசிக்கவே இல்லை.

பணிப் பதிவேட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். "மரக்கன்று நடுதல், 3 மணி நேரம்" என்று ஒரே கையெழுத்தில் பத்துப் பேருடைய பதிவேடு வரும். வராத நாளுக்கும் மணி நேரம் எழுதியிருக்கும். அத்தனையிலும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். செய்யாததைச் செய்ததாக எழுதலாம், பெரியவர்களும் அதை ஒப்புக்கொள்வார்கள் என்று அந்தப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தது என் கையெழுத்துதான். இதை எழுதும்போதும் எனக்கு வலிக்கிறது.

முகாம் தேதியை என்னால் மாற்ற முடியவில்லை. மற்ற மணி நேரங்கள் என் கையில் இருந்தன. மாதத்தில் ஒரு சனிக்கிழமை டவுன் பஸ் பிடித்து அந்த ஊருக்குப் போவது என்று வைத்துக்கொண்டோம். அந்த வருடம் புரட்டாசிக் கடைசியில், அந்த அம்மாவும் ஊர்ப் பெரியவர்களும் காட்டிய இடங்களில் பூவரசம் போத்து, அதாவது வெட்டிய கிளைகளை, ஊன்றினோம். கருவேல முள் வெட்டி வந்து சுற்றிலும் வைத்துக் கட்டினோம். எத்தனை துளிர்த்தது, எது ஏன் காய்ந்தது என்று ஒவ்வொரு மாதமும் மாணவர்களே நோட்டில் எழுத வேண்டும். வராதவர்கள் பதிவேட்டில் நான் கையெழுத்துப் போடவில்லை. அதற்காக என் மேல் கோபப்பட்டவர்களும் உண்டு. நூறு பேரும் மாறிவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். விடாமல் வந்தவர்கள் இருபது பேர் இருக்கும்.

அதன் பலனை 2018-இல் பார்த்தேன். நவம்பர் 16 விடியற்காலை வேதாரண்யம் பக்கம் கஜா புயல் கரையைக் கடந்தது. பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. விழுந்த தென்னைகளைத் தாண்டி எங்கள் பிள்ளைகள் அந்த ஊருக்கு நடந்தே போனார்கள். யாரும் பட்டியல் கொடுக்கவில்லை. எந்த வீட்டில் பாட்டி படுத்த படுக்கை, எந்த வீட்டில் ஆம்பளைத் துணை இல்லை, எந்த வீட்டுக்குக் கைக்குழந்தைக்குப் பால்பவுடர் வேண்டும் என்று அவர்களுக்கே தெரிந்திருந்தது. நேராக அந்தந்த வாசலில் போய் நின்றார்கள். திரும்பும்போது சாய்ந்து கிடந்த பூவரசுகளை நிமிர்த்தி, மண் அணைத்துவிட்டு வந்தார்கள்.

பல பல்கலைக்கழகங்களில் மதிப்புக் கல்வி பாடமாகவே இருக்கிறது. அந்த விடைத்தாள்களையும் நான் திருத்தியிருக்கிறேன். சமூகப் பொறுப்பு என்றால் என்ன என்று கேட்டால் எல்லோரும் சரியாகத்தான் எழுதுவார்கள். பகுதி ஐந்து என்று, நாட்டு நலப்பணி போன்ற விரிவாக்கப் பணிக்கு ஒரு கிரெடிட்டும் இருக்கிறது. அந்தக் கிரெடிட்டை முகாம் முடிந்த கையோடு கொடுக்காமல், ஆறு மாதம் கழித்து அதே ஊருக்குப் போய், தாங்கள் செய்த வேலை என்ன ஆயிற்று என்று பார்த்து எழுதிய பிறகு கொடுக்கட்டும். செத்த கன்றுக்கு மதிப்பெண் குறைக்க வேண்டாம். ஏன் செத்தது என்று உண்மையாக எழுதினால் போதும். நடவு வேலையை முகாமிலிருந்து பிரித்துப் புரட்டாசி, ஐப்பசிக்குக் கொண்டுபோக அலுவலர்களை அனுமதிக்க வேண்டும். நூறு மாணவர்களையும் வைத்துக்கொண்டு முழு வகுப்பு வேலையும் பார்க்கும் அந்த ஆசிரியருக்கு, வாரத்தில் இரண்டு மணி நேரமாவது பாடவேளையில் குறைத்துக் கொடுக்க வேண்டும்.

அடுத்த முகாமுக்கான ஊரை இப்போதே தேர்ந்தெடுக்கும் கல்லூரிகள் இருக்கும். ஊராட்சிக்குக் கடிதம் அனுப்புவதற்கு முன்னால், நாலு மாணவர்களைக் கூட்டிக்கொண்டு ஒரு நாள் அந்த ஊருக்குப் போங்கள். கரையில் ஆடு மேய்ப்பவர்களிடமும் களத்துமேட்டில் உட்கார்ந்திருப்பவர்களிடமும், இங்கே என்ன வேலை வேண்டும், எந்த மாதம் வந்தால் சரியாக இருக்கும் என்று கேளுங்கள். அதை மாணவர்களே கேட்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியை,
திருவாரூர் மாவட்டம்